காற்றுக்குக் குறுக்கே ஓர் ஆராய்ச்சி நிலையம்

வடகோடியில், உறையும் கடலின் கரையில் இருக்கும் நுவுக்கில் நான் கழிவு லாரி ஓட்டுகிறேன். எங்கள் மண் அடியில் எப்போதும் உறைந்தே கிடக்கும். குழாய் புதைக்க முடியாது. ஒவ்வொரு வீட்டுக்கும் தண்ணீர் ஒரு லாரியில் வரும், வெளியே போவது என் லாரியில் போகும். யார் வீட்டில் விருந்து, யார் வீட்டில் வயிற்றுப்போக்கு என்று எனக்குத்தான் முதலில் தெரியும். ஒன்பது வருஷம் கழிவுக் குழாயைத் தூக்கியவனுக்கு இனி எதுவும் நாறாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அறிவியலை வளர்க்கிறேன் என்று அரசாங்கம் எங்கள் ஊருக்கு வந்தபோதுதான் எனக்கு நிஜமாகவே குமட்டியது.

இது என் கதை இல்லை, ஜீலாவின் கதை. அவளுக்கு அப்போது அறுபத்தொரு வயது, எனக்கு இருபத்தெட்டு. இருந்தாலும் 'அவர்' என்று எழுத எனக்கு வரவில்லை. காரணம், பிறந்த நாளிலிருந்து நான் அவளுக்குப் புருஷன்.

அவள் புருஷன் பாவ்லூசி 1981 அக்டோபரில் ஊர் முனைக்கு வெளியே கடலில் போய்விட்டார். புதிதாக உறைந்த பனிக்கட்டி தாங்கும் என்று ஒரு கணக்குப் போட்டுக் காலை வைத்தார், தாங்கவில்லை. அடுத்த வசந்தத்தில் நான் பிறந்தேன். செத்தவர் பெயரை அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு வைப்பது எங்கள் வழக்கம், பெயரோடு உறவும் வந்துவிடும். தொட்டிலில் கிடந்தவனை ஜீலா குனிந்து பார்த்து, "வந்துட்டீங்களா, இவ்வளவு நேரமா எங்க போயிருந்தீங்க?" என்று கேட்டாளாம். அன்றிலிருந்து நான் 'வீட்டுக்காரர்', அவள் எனக்கு 'வீட்டம்மா'. எனக்குக் கல்யாணம் ஆன பிறகும் இது மாறவில்லை. ஜீலா போன் செய்தால் என் மனைவி, "மூத்தவ கூப்பிடுறா, போங்க" என்பாள்.

நான் பிறந்த அதே வருஷம் தெற்கேயிருந்து வந்த ஓர் ஆராய்ச்சியாளர் ஜீலாவிடம் ஒரு கைத்துளைப்பானையும் ஓர் அளவு நாடாவையும் கொடுத்து, வாரம் ஒருமுறை ஒரே இடத்தில் பனிக்கட்டியின் தடிமனை அளக்க முடியுமா என்று கேட்டார். அவருக்கு அது ஆராய்ச்சி. அவளுக்கு, இனி யாரும் கணக்குப் போட்டுக் காலை வைக்கக் கூடாது என்பதுதான் விஷயம். தேவாலயச் சிலுவையும் முனையில் இருக்கும் கற்குவியலும் ஒரே கோட்டில் தெரியும் இடம், கரையிலிருந்து எண்பது தப்படி. நவம்பரிலிருந்து ஜூன் வரை ஒவ்வொரு செவ்வாயும் அங்கே போய்த் துளை போடுவாள். தாளில் இரண்டு கட்டம்: ஒன்றில் கட்டியின் தடிமன், இன்னொன்றில் அதன் மேல் கிடக்கும் பனித்தூளின் ஆழம். பிறகு நண்பகலில் ஊர் ரேடியோவில் சொல்வாள்.

"முனைக்கு வெளிய இன்னிக்கு முப்பத்தெட்டு சென்டிமீட்டர். மேல தூள் நாலு விரல். ஸ்னோமொபைல் போலாம். சாமான் ஏத்தின சறுக்குவண்டி வேணாம். ஐசாயா, உன்னைத்தான் சொல்றேன், காதுல விழுதா?"

ஊர் முழுக்கச் சிரிக்கும். ஐசாயா போக மாட்டான். இப்படி இருபத்தெட்டு குளிர்காலம். அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்ட வருஷமும் போனாள், மகளின் பிரசவத்துக்காகத் தெற்கே கிளம்பியபோதும் துளை போட்டுவிட்டுத்தான் விமானம் ஏறினாள். ஒரு செவ்வாய்கூட விட்டதில்லை. அந்த இருபத்தெட்டு வருஷத்தில் முனைப் பக்கம் ஓர் ஆள் கூட மூழ்கவில்லை. தெற்கே ஒரு பல்கலைக்கழகம் இதற்காக அவளுக்கு மாதம் ஏதோ அனுப்பியது. அடுப்பு எண்ணெய்க்குக் காணும்.

அப்புறம் தெற்கே வங்கிகள் கவிழ்ந்தன, கார் தொழிற்சாலைகள் மூடின. யார் யாரோ செய்த தப்புக்கு நாட்டைத் தூக்கி நிறுத்த வேண்டும், பணத்தைக் கொட்டுங்கள் என்று அரசாங்கம் முடிவு செய்தது. கொட்டியதில் ஒரு பங்கு வடக்கே அறிவியலுக்கு. நுவுக்குக்கு ஒரு ஆராய்ச்சி நிலையம்! ரேடியோவில் கேட்டு நாங்களும் கைதட்டினோம். நிபந்தனை பிறகுதான் தெரிந்தது. பணம் இரும்புக்கு உண்டு, பலகைக்கு உண்டு, கண்ணாடிக்கு உண்டு, ஆளுக்குக் கிடையாது. 2011 மார்ச் 31-க்குள் முடிக்காவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும். உள்ளே யார் உட்கார்ந்து என்ன ஆராய்வார்கள் என்பதற்கு விண்ணப்பத்தில் இடமே இல்லை என்று ஊராட்சி எழுத்தர் சொன்னார்.

2010 ஜூலையில் டெரிக் வந்தான். கட்டுமானப் பொறியாளன், நல்ல பையன்தான், எல்லோருக்கும் மிட்டாய் கொடுப்பான். நிலையத்தை முனையிலேயே, ஜீலா துளைப்பானும் தாள்களும் வைத்திருக்கும் ஒட்டுப்பலகைக் குடிசைக்குப் பக்கத்தில் கட்டப் போகிறார்கள். எனக்கு எட்டு வார வேலை கிடைத்தது. முதல் நாள் என் கையில் ஒரு கயிற்றின் நுனியைக் கொடுத்து மூலைக்கு மூலை முளை அடிக்கச் சொன்னான். மூன்றாவது முளை அடிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. கட்டிடத்தின் நீளப் பக்கம் வடமேற்கைப் பார்த்து நின்றது.

எங்கள் ஊரில் எந்த வீடும் அப்படி நிற்காது. குறுகின பக்கம் காற்றைப் பார்க்க வேண்டும், நீளப் பக்கம் காற்றோடு போக வேண்டும். நாய்கூட அப்படித்தான் படுக்கும். குறுக்கே நின்றால் காற்று மேலே ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, சுமந்துவரும் பனித்தூளையெல்லாம் அங்கே கொட்டிவிடும். அந்தப் பக்கம் என்ன இருந்தது? ஜீலாவின் எண்பது தப்படி. தூள் குவிந்தால் அது கடலுக்குப் போர்வை. குளிர் இறங்காது, அடியில் கட்டி வளராது.

அன்று மதியம் ஜீலா வந்தாள். முளைகளைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். நான்தான் அவள் பேச்சை ஆங்கிலத்தில் சொன்னேன்.

"தம்பி, இதைத் திருப்பி வெச்சுக்கோ. இப்படி வெச்சா என் எடத்துல தூள் குவியும்."

டெரிக் சிரித்தான். "பாட்டியம்மா சொல்றது புரியுது. ஆனா வரைபடம் அப்ரூவ் ஆயிடுச்சு. மாத்தணும்னா மறுபடி மூணு மாசம் அனுமதி. வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற கப்பல் போயிடும், மார்ச் போயிடும், காசு போயிடும்."

"ஏன் இப்படி வரைஞ்சாங்க?"

"விமானம் இறங்கும்போது முன்பக்கக் கண்ணாடி முழுசாத் தெரியணும். அதான் முக்கியமான பார்வைக் கோணம்."

ஜீலா சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. போய்விட்டாள். இங்கேதான் எங்கள் புத்தி கெட்டது. எங்கள் மரியாதைப்படி ஒரு விஷயத்தை ஒருமுறைதான் சொல்வோம். வளர்ந்த மனிதனுக்கு இரண்டாம் முறை சொல்வது, நீ முட்டாள் என்று முகத்தில் துப்புவது போல. அவன் வேலை, அவன் பொறுப்பு. கேட்டவன் ராத்திரி படுத்து யோசிப்பான், காலையில் தானே மாற்றிக்கொள்வான். எங்கள் ஊரில் எல்லாம் அப்படித்தான் நடக்கும். டெரிக் யோசிக்கிற சாதி இல்லை; அவன் ஊரில் இரண்டாம் முறை சொல்லாவிட்டால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். அது எனக்குத் தெரியும். தெற்கே இரண்டு வருஷம் படித்தவன் நான். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு நாலாவது முளையை அடித்தேன். ஓவர்டைம் உண்டு என்று சொல்லியிருந்தான்.

ஆகஸ்டில் கட்டுமானச் சாமானோடு கப்பல் வந்தது, அக்டோபரில் சுவர் எழுந்தது. மூன்று புயல் வந்துபோயின. நவம்பர் இரண்டாம் செவ்வாய் நான் கரையோரமாக லாரியில் போய்க்கொண்டிருந்தேன். கட்டிடத்துக்கு அப்பால் ஜீலா தோளில் துளைப்பானோடு நடப்பது தெரிந்தது. இருபத்தெட்டு வருஷமாக நவம்பர் இரண்டாம் வாரம் தாங்கிய தடம், அதை நம்பினாள். சுமார் இருபதாவது தப்படியில் இடுப்பு வரைக்கும் உள்ளே போனாள்.

வண்டியில் கயிறு இல்லை. இருந்தது கழிவுக் குழாய்தான். இரண்டு துண்டையும் மாட்டி, வயிற்றால் தவழ்ந்து, அவள் பக்கம் எறிந்தேன். பிடித்துக்கொண்டாள். லாரியில் குழாயைச் சுற்றும் வின்ச்சை ஓடவிட்டு இழுத்தேன். வெளியே வந்து விழுந்தவள் பல் கிடுகிடுக்க என்னைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள்.

"இருபத்தொம்பது வருஷம் கழிச்சு காப்பாத்த வர்றீங்க. அதுக்கு இந்தப் பீக்குழாய்தான் கெடச்சுதா, வீட்டுக்காரரே?"

"வேற இல்லை வீட்டம்மா. வாயை மூடிக்கோ, உள்ள போயிடும்."

லாரி ஹீட்டரைத் திருகிவிட்டு அவளை வீட்டில் கொண்டுபோய்ப் போட்டேன். உடை மாற்றியதும் முதல் வேலையாக ரேடியோவுக்குப் போன் செய்தாள். "இன்னிக்கு அளவு இல்லை. நானே விழுந்துட்டேன். நிலையத்துக்குப் பின்னாடி யாரும் போகாதீங்க. தூளுக்கு அடியில ஒண்ணுமே இல்லை." அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. மற்றவர்களுக்கு வழி சொல்கிறவள் அவள். அன்றுதான் முதல் முதலாக அவள் தாளில் ஒரு கட்டம் காலியானது.

மார்ச் கடைசியில் திறப்பு விழா. அதற்கு இரண்டு நாள் முன்னால் ஜீலாவின் குடிசை போட்டோவில் விழுகிறது என்று இடிக்கச் சொன்னார்கள். இடித்த பலகையைக் குப்பைமேட்டுக்கு ஏற்றிப்போனது யார் என்று கேட்காதீர்கள். தாள்களை மட்டும் அவள் ஒரு மாவு வாளியில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போயிருந்தாள்.

தெற்கேயிருந்து இரண்டு விமானம் நிறைய ஆட்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி புது சிவப்புக் கோட்டு, விலைச்சீட்டு ஒன்றில் இன்னும் தொங்கியது. அரசாங்கத்துப் பெரியவர் ஒருவர் ரிப்பன் வெட்டினார். வடக்கின் எதிர்காலம் என்றார், வேலைவாய்ப்பு என்றார், பாரம்பரிய அறிவு என்றார். அந்தக் கடைசி வார்த்தை வந்ததும் ஜீலாவைக் கையைப் பிடித்து இழுத்து, பழைய துளைப்பானோடு நடுவில் நிற்க வைத்தார்கள். உங்கள் மொழியில் இரண்டு வார்த்தை பேசுங்கள் என்று மைக்கை நீட்டினார்கள். மொழிபெயர்க்க ஆள் வைக்கவில்லை, நிகழ்ச்சி நிரலில் நேரம் இல்லையாம்.

ஜீலா பேசினாள். "இந்தக் கட்டிடத்தைத் தப்பாத் திருப்பி வெச்சிருக்கீங்க. ஜூலையில ஒரு தடவை சொன்னேன். இப்ப ரெண்டாவது தடவை சொல்றேன். என் எடம் கெட்டுப்போச்சு. இருபத்தெட்டு வருஷம் போச்சு. நானே தண்ணிக்குள்ள விழுந்தேன்."

ஊர்க்காரர்கள் எல்லோரும் தங்கள் பூட்ஸைப் பார்த்தோம். ஒரு கிழவி சபையில் இரண்டாம் முறை சொல்கிறாள். எங்களுக்கு அதைவிடப் பெரிய அவமானம் இல்லை. சிவப்புக் கோட்டுகள் கைதட்டின. நீளமாகத் தட்டின. ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எவ்வளவு அழகான ஆசீர்வாதம்" என்றாள். எனக்கு ஆங்கிலம் தெரியும். கதவுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். கத்தியிருக்கலாம். ஆனால் அன்று காலையில்தான் நிலையத்தின் கழிவுத் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தேன். மீன் சாண்ட்விச் ஒன்றை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டேன்.

மூன்று மணி நேரத்தில் கிளம்பிவிட்டார்கள். மறுநாள் போய்த் தொட்டியை உறிஞ்சினேன். அந்த முதல் வருஷம் முழுக்க அந்த நிலையம் உற்பத்தி செய்தது அவ்வளவுதான்.

அதன் பிறகு உள்ளே யாரும் வரவில்லை. ஹீட்டர் ஓடுகிறது, விளக்கு எரிகிறது, கதவு அட்டை வைத்தால்தான் திறக்கும், அட்டை தெற்கே இருக்கிறது. வாரம் ஒரு நாள் நான் போய்க் காலித் தொட்டியை எட்டிப்பார்த்துக் காலி என்று எழுத வேண்டும். அதற்கு எனக்குச் சம்பளம். திறப்பு விழா நடந்த அதே வாரம் ஜீலாவுக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது: ஆராய்ச்சி நிதியைக் குறைத்துவிட்டார்கள், ஏப்ரல் முதல் அவளுக்குப் பணம் அனுப்ப முடியாது, இத்தனை வருஷ சேவைக்கு நன்றி. அந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துச் சொன்னதும் நான்தான்.

சம்பளம் நின்றாலும் அவள் அளப்பதை நிறுத்தவில்லை. ஜூன் மாதம் அவள் வீட்டுச் சமையலறையில் தரையில் அட்டை விரித்து உறைந்த மீனைச் சீவிக்கொண்டிருந்தோம். போன் அடித்தது. பல்கலைக்கழகத்து டாக்டர் வின்ஸ்லோ. ஸ்பீக்கரில் போட்டு, நடுவில் நான் மொழி மாற்றிச் சொன்னேன்.

"ஜீலா, உங்க ஏப்ரல் அளவு பார்த்தேன். வழக்கமா நூத்தி எழுபது, இப்ப நூத்தி நாலு! அதிரடியான சரிவு. ரொம்ப ரொம்ப முக்கியமான டேட்டா."

அந்த அம்மாள் குரலில் சந்தோஷம் வழிந்தது. ஜீலா கத்தியைக் கீழே வைத்தாள்.

"அது கடல் பண்ணது இல்லை. கட்டிடம் பண்ணது. ரெண்டாவது கட்டத்தைப் பாருங்க. தூள் எப்பவும் ஒரு சாண். இப்ப என் இடுப்பு உசரம்."

"ரெண்டாவது கட்டமா? புதுப் படிவத்துல ஒரு கட்டம்தானே இருக்கு. எளிமையாக்கிட்டோம்."

"நான் ஓரத்துல எழுதியிருக்கேன்."

"ஓரம் கம்ப்யூட்டர்ல ஏறாது." தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "ஆனா இது நல்ல கேள்வி. நிலையத்துக்குப் பக்கத்துல பனிக்கட்டி ஏன் மெலியுதுன்னு தனியா ஒரு ஆய்வுக்கு விண்ணப்பிக்கலாம்."

போனை வைத்ததும் நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஜீலா மீனைத் தின்றுகொண்டிருந்தாள்.

"கத்தாதீங்க வீட்டுக்காரரே. மீன் உருகுது."

அந்த நவம்பரில் அவள் இடத்தை மாற்றினாள். முனைக்குத் தெற்கே, நிலையத்தின் தூள் எட்டாத இடத்தில், வேறு இரண்டு அடையாளம் பிடித்துக்கொண்டாள். புதுத் தாள் எடுத்து, மேலே 'குளிர்காலம்' என்ற இடத்தில் ஒன்று என்று போட்டாள். அறுபத்திரண்டு வயதில் ஒன்று. ஒரு குளிர்காலத்து எண்ணை வைத்துக்கொண்டு எதோடு எதை ஒப்பிடுவது? ரேடியோவிலும் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். "இந்த எடத்தை எனக்கு இன்னும் தெரியாது. பார்த்துப் போங்க."

2012 ஜூலையில் டெரிக் மறுபடி வந்தான், மறுபடி மிட்டாய். மெலியும் பனிக்கட்டியை ஆராய நிதி கிடைத்துவிட்டதாம். நிலையத்தோடு ஒட்டி இன்னொரு கூடம். கயிற்றை என் கையில் கொடுத்தான். முனைக்குத் தெற்கே நீண்டது கயிறு. காற்றுக்குக் குறுக்கே, முன்னதைவிட நீளமாக. அதன் பின்பக்கம் நேராக ஜீலாவின் புது இடம்.

"டெரிக், இதைத் திருப்பி வை. தூள் அவ எடத்துல குவியும்."

"பழைய கட்டிடத்தோட ஒரே வரிசையா இருக்கணும் பாவ்லூசி. அப்ரூவ் ஆயிடுச்சு."

"திருப்பி வை. அவ எடம் கெட்டுடும்."

"சொன்னேனே."

"பனிக்கட்டி மெலியுறதே இதாலதான்டா. மெலியுறதை ஆராயவா இன்னொண்ணு கட்டுறே? திருப்பி வை."

அவன் முகத்தில் மிட்டாய் போய்விட்டது. நான் விடவில்லை. நாலாவது தடவை சொன்னேன், ஐந்தாவது தடவை கத்தினேன். ஆறாவது தடவை சொல்லும்போது, சொந்த அப்பனைத் திட்டியது போல உடம்பெல்லாம் கூசியது. அவன் கயிற்றை என் கையிலிருந்து வாங்கி ஐசாயாவிடம் கொடுத்தான். ஐசாயா என்னைப் பார்க்காமல் முளை அடித்தான். அவனுக்கும் ஓவர்டைம் உண்டு.

சாயங்காலம் ஜீலா வீட்டுக்குப் போனேன். ஊர் அதற்குள் அவளுக்குச் சொல்லியிருந்தது. தேநீரை ஊற்றி வைத்தாள்.

"எத்தனை தடவை சொன்னீங்க?"

"ஆறு."

"சீ, அசிங்கம்" என்றாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னாலும் குரலில் கோபம் இல்லை. "ரெண்டு வருஷம் முன்னாடி அந்த அசிங்கத்தைப் பண்ணியிருக்கலாம்."

தேநீரைக் குடித்தேன்.

மாவு வாளியைத் திறந்து அந்த ஒற்றைக் குளிர்காலத்துத் தாளை எடுத்தாள். பழைய தாள்களுக்கு அடியில் அதையும் வைத்தாள். இன்னொரு தாள் எடுத்து, சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணுக்குக் கிட்டே பிடித்து, மேலே மறுபடியும் ஒன்று என்று எழுதினாள். பழைய இருபத்தெட்டு குளிர்கால எண்ணிக்கைக்கு இது வந்துசேரும்போது அவளுக்குத் தொண்ணூற்றொரு வயது ஆகியிருக்கும் என்று மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன்.

"இந்தத் தடவை எங்க வீட்டம்மா?"

"அவங்க எங்கெல்லாம் கட்டுவாங்கன்னு நீங்க சொல்லுங்க. அப்புறம் சொல்றேன்."